மாத்திரை போடும் பையன்களை ஊரை விட்டு அனுப்புவதற்கு முன்

கேள்வி சுருக்கமாக இது. பர்கூர் பக்கம் ஒரு கிராமம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் ஏழெட்டுப் பையன்களிடம் இருக்கிறது. போன மாதம் ஒருவன் மாந்தோப்பில் இறந்து கிடந்தான். அவன் கூட்டாளி ஒருவன் மறுவாழ்வு மையத்தில் இருக்கிறான், இன்னும் மூன்று வாரத்தில் வீடு திரும்புகிறான். ஊர்க் கூட்டத்தில் பாதிப் பேர் போலீஸில் பிடித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள், மீதிப் பேர் எல்லாரையும் சென்டரில் போடச் சொல்கிறார்கள். இன்னொரு சாவு விழாமல் இருக்க என்ன செய்யலாம், நலாக்சோன் என்ற மருந்தை வாங்கி மன்றத்தில் வைக்கலாமா என்று இளைஞர் மன்றத்தைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் டாக்டர் இல்லை. இந்த மாவட்டத்தில் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகப் பல வருஷம் உட்கார்ந்தவள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வந்து சட்டைக் கையைச் சுருட்டும்போது முழங்கை மடிப்பில் தழும்பு தெரிந்த பையன்கள் மூலமாகத்தான் இது எனக்குப் பழக்கமானது. போலீஸா சென்டரா என்பதை அப்புறம் பார்ப்போம். அந்தப் பையன் எப்படிச் செத்திருப்பான் என்பதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் மாத்திரை அநேகமாக டேபெண்டடாலாக இருக்கும். அதன் அண்ணன் மாதிரியான டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்த பிறகு, அந்த இடத்தை இது பிடித்துக்கொண்டது. இரண்டும் அபினி செய்கிற வேலையைச் செய்பவை; ஹெராயின், மார்ஃபின், இருமல் மருந்துக் கோடீன் எல்லாம் இதே குடும்பம். வலியை அடக்கும், சுகம் தரும், கூடவே மூச்சு விடச் சொல்லி மூளை இடைவிடாமல் அனுப்பும் கட்டளையையும் மந்தமாக்கும். இதில் முதலில் இதயம் நிற்பதில்லை. மூச்சு குறைந்துகொண்டே போய் நிற்கிறது, அதற்குப் பின்னால்தான் இதயம். ஊசியில் ஏற்றும்போது சில நிமிஷத்திலேயே நடந்துவிடலாம், ஆனால் பல நேரம் ஒன்றிரண்டு மணி நேரம் இழுக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இருந்து, அந்த ஆளுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் பிழைக்க வைக்கலாம். மாந்தோப்பில் அவன் தனியாகக் கிடந்தானா, இல்லை கூட இருந்தவர்கள் பயந்து ஓடினார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரிந்த சாவுகளில் இரண்டாவதுதான் அதிகம்.

ஓடாமல் இருந்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். ஏன் தெரியுமா? குறட்டை. "நல்லா குறட்டை விட்டுத் தூங்கிட்டிருந்தான்க்கா, காலைல எழுப்பினா எழலை." இதை மூன்று வீடுகளில் மூன்று குரலில் கேட்டிருக்கிறேன். அது தூக்கத்துக் குறட்டை இல்லை. நாக்கும் தொண்டையும் தளர்ந்து மூச்சுக்குழாய் பாதி அடைபட்டு வரும் களகளச் சத்தம். கூப்பிட்டால் கண் திறக்க மாட்டான். நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தாலும் அசைய மாட்டான். கண்மணி கடுகளவு சுருங்கியிருக்கும். மூச்சு ஐந்தாறு நொடிக்கு ஒன்று, அப்புறம் பத்து நொடிக்கு ஒன்று. உதடு நீலமாகும் என்று புத்தகத்தில் போடுவார்கள். நம் நிறத்துக்கு அது சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும், அதனால் உதட்டின் உள்பக்கத்தையும் நகக்கண்ணையும் பாருங்கள்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. சுருங்கிய கண்மணியோடு நினைவில்லாமல் ஒரு இளைஞனைக் கொண்டு வந்தால், தருமபுரி, கிருஷ்ணகிரியில் எந்த டாக்டருக்கும் முதலில் வரும் சந்தேகம் பூச்சிமருந்து. தப்பில்லை. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து குடித்தாலும் கண்மணி அப்படித்தான் சுருங்கும். அதில் வாயில் நுரை, எச்சில், வியர்வை கொட்டும், மருந்து வாடை அடிக்கும். மாத்திரையில் இப்படிக் கொட்டாது, மூச்சுதான் அடங்கும். வைத்தியமும் வேறு: பூச்சிமருந்துக்கு அட்ரோபின், இதற்கு நலாக்சோன். ஒரு தடவை ஒரு பையனைத் தூக்கி வந்த கூட்டாளிகள், போலீஸுக்குப் பயந்து, "என்னவோ குடிச்சிட்டான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவிவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். வயிற்றைக் கழுவுவதில் கொஞ்ச நேரம் போனது. பணியில் இருந்த ஒரு சின்ன வயது டாக்டர் கையில் ஊசித் தழும்பைப் பார்த்ததால்தான் பிழைத்தான். ஆகவே கூட்டத்தில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: கொண்டு போகிறவன் டாக்டரிடம் பொய் சொல்லக் கூடாது. என்ன மாத்திரை, எத்தனை, எப்போது, கூடச் சரக்கு உண்டா, தூக்க மாத்திரை உண்டா. அட்டை கிடைத்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

சரக்கு, தூக்க மாத்திரை என்று சேர்த்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. தனி மாத்திரையில் தாங்கியவன், மேலே ஒரு குவார்ட்டர் போட்டதும் அடங்கிவிடுவான். அல்பிரசோலம், நைட்ரசெபாம் மாதிரி தூக்க மாத்திரைகளும் அப்படியே. மூன்றும் மூச்சை ஒரே திசையில்தான் இழுக்கின்றன.

சரி, கண்ணெதிரே ஒருவன் இப்படிக் கிடந்தால்? முதலில் 108. "மூச்சு சரியில்லை, நினைவில்லை" என்று சொன்னால் போதும், போனில் கதை வேண்டாம். உடனே மல்லாக்கப் படுக்க வைத்து, நெற்றியைப் பின்னால் சாய்த்து, முகவாயைத் தூக்குங்கள். இந்த ஒரு காரியத்திலேயே சில பேருக்குக் குறட்டை நின்று மூச்சு வந்துவிடும். வரவில்லையா, வாயில் எதுவும் அடைக்கவில்லை என்று பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நெஞ்சு மேலெழும்ப வேண்டும். ஐந்து நொடிக்கு ஒன்று. கட்டுவிரியன் கடித்து மூச்சு அடங்கியவரையும் இப்படி ஊதிக்கொண்டே ஆஸ்பத்திரி சேர்க்க முடியும் என்பதால், இதை ஊரே கற்றுக்கொண்டாலும் நஷ்டமில்லை. நாடித் துடிப்பே தெரியவில்லை என்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவிதான், அதை ஆள் வைத்துப் பழக வேண்டும், எழுத்தில் வராது. மூச்சு ஓரளவு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்; வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போகாது. வண்டி வரும்வரை நகராதீர்கள். அஞ்செட்டி, சித்தேரி மாதிரி மலை ஊர்களில் வண்டி வர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே கடைசி வரை ஊதுகிற ஆள்தான் ஆம்புலன்ஸ்.

செய்யக் கூடாததும் நிறைய இருக்கிறது. மோர், எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர் எதையும் நினைவில்லாதவன் வாயில் ஊற்றாதீர்கள், நேராக நுரையீரலுக்குப் போகும். தோளில் கை போட்டு நடக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் ஊசி போட்டால் இறங்கும் என்று பையன்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது, சுத்தப் பொய். டிரமடால், டேபெண்டடாலில் வலிப்பும் வரலாம். அப்போது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதில் பலனில்லை, தலையில் அடிபடாமல் பார்த்து, அடங்கியதும் ஒருக்களித்துப் போடுங்கள். எல்லாவற்றையும்விட, "தூங்கட்டும், காலைல தெளிஞ்சிடும்" என்று போர்த்திவிட்டு வராதீர்கள்.

இப்போது நலாக்சோன். நீங்கள் கேள்விப்பட்டது சரி. அபினி வகை மருந்து மூளையில் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். தசையில் ஊசி போட்டால் இரண்டிலிருந்து ஐந்து நிமிஷத்தில் மூச்சு திரும்பும். போதை தராது. அபினி வகை உடம்பில் இல்லாதவனுக்குத் தவறிப் போட்டாலும் கெடுதல் இல்லை. ஆனால் அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள் மாத்திரை உடம்பிலிருந்து போயிருக்காது, மறுபடி மூச்சு அடங்கலாம். எழுந்து உட்கார்ந்து, "ஏன்டா போதையைக் கெடுத்த" என்று திட்டுகிறவனையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும்.

சிகாகோவில் 1996இலேயே ஒரு தொண்டு அமைப்பு இதைப் பழக்கமுள்ளவர்கள் கையிலேயே கொடுக்க ஆரம்பித்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஊர் ஊராகப் பயிற்சி கொடுத்து நலாக்சோன் விநியோகித்ததை ஆராய்ந்து 2013இல் முடிவு வெளியிட்டார்கள்: அதிகம் பேருக்குப் பயிற்சி கொடுத்த ஊர்களில் ஓவர்டோஸ் சாவு, பயிற்சியே இல்லாத ஊர்களோடு ஒப்பிட்டால், கிட்டத்தட்டப் பாதிதான். 2014இல் உலக சுகாதார நிறுவனமும், இப்படிப்பட்ட ஆபத்தை நேரில் பார்க்க வாய்ப்புள்ள யாருக்கும் இது கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் நாட்டிலும் மணிப்பூர், நாகாலாந்தில் பழக்கத்திலிருந்து மீண்டவர்களே சக தோழர்களுக்குப் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அதற்காக உங்கள் மன்றத்து பீரோவில் வாங்கி வையுங்கள் என்று சொல்ல மாட்டேன். இங்கே கிடைப்பது பெரும்பாலும் ஊசி மருந்து, மருத்துவர் சீட்டு வேண்டும், ஊசி போடப் பழகிய கை வேண்டும். உங்களால் முடிந்தது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது எப்போதும் இருப்பில் இருக்க வைப்பது. வட்டார மருத்துவ அலுவலரைப் போய்ப் பாருங்கள். விலை உயர்ந்த மருந்து இல்லை, நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதுதான். கிராம சபையில் தீர்மானம் போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். இந்த மாதிரி ஒரு மனுவை அவர்கள் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள், அதுவே நமக்கு நல்லது.

போலீஸ் பக்கம் வருவோம். விற்கிறவனைப் பற்றி எனக்கு எந்தப் பரிதாபமும் இல்லை. சீட்டில்லாமல் அட்டை அட்டையாகக் கொடுக்கும் மெடிக்கல் ஷாப், கூரியரில் வரவழைத்து விற்கிறவன் பற்றித் தெரிந்தால் தாராளமாகப் புகார் கொடுங்கள். போடுகிறவன் கதை வேறு. அவனைப் பிடித்துக் கொடுப்பது என்று ஊர் முடிவெடுத்த அன்றிலிருந்து, அவன் தோப்பின் இன்னும் உள்பக்கம் போவான், தனியாகப் போவான். கூட்டாளி விழுந்தால் 108க்குப் போன் போட மாட்டான். போதைப்பொருள் தடுப்புச் சட்டமே இதற்கு ஒரு கதவு வைத்திருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் விலக்கு போய்விடலாம். 64ஏ பிரிவு. உங்கள் ஊர் காவல் நிலைய ஆய்வாளரிடம் இரண்டு பெரியவர்கள் போய், "உயிருக்குப் போராடுகிறவனைத் தூக்கி வரும் பையன்களை அன்றைக்கு விசாரணை என்று உட்கார வைக்காதீர்கள்" என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் கேட்கிற அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர் சம்மதித்தால், அதைப் பையன்கள் காதில் விழும்படி ஊரில் சொல்லுங்கள்.

அடுத்தது சென்டர். மாத்திரைப் பழக்கத்துக்கு எல்லாரும் சொல்கிற முதல் வழி இதுதான், ஆபத்து ஒளிந்திருப்பதும் இங்கேதான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ராயக்கோட்டை மண்டியில் தினமும் தக்காளிப் பெட்டி தூக்குகிறவர் மூன்று பெட்டியை ஒரே தூக்கில் தூக்குவார். மூன்று மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்த முதல் நாள் அதே மூன்றைத் தூக்கினால் இடுப்பு போய்விடும். அவருக்குத் தூக்கும் நினைப்பு மறந்திருக்காது, உடம்புதான் மறந்திருக்கும். மாத்திரையிலும் இதே கதை. தினமும் போடுகிறவன் உடம்பு அளவுக்குப் பழகியிருக்கிறது. சில வாரம் நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும், ஆசை போகாது. வெளியே வந்து ஒரு பலவீனமான சாயங்காலத்தில் பழைய அளவை ஏற்றுகிறான். பழைய அளவு இப்போது விஷம்.

லண்டனில் போதை நீக்கச் சிகிச்சைக்குச் சேர்ந்த 137 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஓர் ஆண்டுக்குள் ஓவர்டோஸில் மூன்று பேர் இறந்திருந்தார்கள். மூவரும் சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடியவர்கள் இல்லை. ஒழுங்காக முடித்து, உடம்பு சுத்தமாகி வெளியே வந்தவர்கள். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே கதிதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் ஓவர்டோஸில் இறக்கும் ஆபத்து மற்றவர்களைப் போல் 129 மடங்கு என்று 2007இல் கணக்கிட்டார்கள். ஆக, ஏழெட்டுப் பையன்களையும் மூன்று மாதம் அடைத்துவிட்டு, பின்னால் எந்த மருந்தும் தொடர்பும் இல்லாமல் ஊருக்குள் விட்டால், இன்றைக்கு இருப்பதைவிடப் பெரிய ஆபத்தில் அவர்களைக் கொண்டு நிறுத்துகிறீர்கள். ஓட்டுக்கூரை போட்டு, சங்கிலியும் அடியும் வைத்து நடத்துகிற இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. மையத்துக்கு மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

அப்படியானால் வேறு என்ன? அபினி வகைப் பழக்கத்துக்கு மருந்தோடு கூடிய சிகிச்சை இருக்கிறது. புப்ரெனார்ஃபின் என்ற மாத்திரையை மருத்துவர் கண்காணிப்பில் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். நடுக்கம், உடம்பு வலி, ஏக்கம் அடங்கும், அதே சமயம் மூச்சை அந்த அளவுக்கு அமுக்காது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் ஊசிப் பழக்கமுள்ளவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறார்கள். பிரான்ஸில் 1990களின் நடுவில் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே இதை எழுதலாம் என்று அனுமதித்தார்கள்; 1995க்கும் 1999க்கும் இடையில் ஓவர்டோஸ் சாவு 79 சதவீதம் குறைந்தது. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் கேட்பார். சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர் அந்தக் கூட்டத்திலேயே பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்பதில்லை.

இன்னும் நிறுத்தாத பையன்கள் இருப்பார்கள். அவர்களிடம் "விட்டுவிடு" என்ற ஒரே பேச்சு பேசினால் பேச்சே நின்றுவிடும். தனியாகப் போடாதே, சரக்கோடு கலக்காதே, அடுத்தவன் ஊசியை எடுக்காதே என்று சொல்வதற்குப் பெயர்தான் தீங்கைக் குறைப்பது. கரைத்து ஏற்றுவதற்காகச் செய்த மாத்திரை இல்லை அது. அதில் இருக்கும் மாவும் டால்க்கும் ரத்தக் குழாயை அடைத்து, கை அழுகும் அளவுக்குக் கொண்டுபோகும். ஊசியைப் பங்கு போட்டால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை சி வகை. நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம். சி வகைக் காமாலைக்கு 2018இலிருந்து அரசுத் திட்டத்தில் இலவச மாத்திரை உண்டு. பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்தில் குணமாகிவிடும்.

இதெல்லாம் பழக்கத்தை ஊக்குவிப்பதாகாதா என்று கேட்பார்கள். தொப்பூரிலிருந்து ஓசூர் வரை நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டிரைவர்களிடம் ஆணுறை கொடுத்த காலத்தில் இதே கேள்வியைக் கேட்டார்கள், முகத்துக்கு நேரே திட்டினார்கள். இன்றைக்கு அதை யாரும் தப்பென்று சொல்வதில்லை.

ஊரே சேர்ந்து சிகிச்சையைத் தாங்குவதும் நமக்குப் புதிதில்லை. திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் டி.டி.கே. மருத்துவமனையினர் குடிப் பழக்கத்துக்கு ஊருக்குள்ளேயே முகாம் போட்டார்கள். இடம், சாப்பாடு, ஆட்களைக் கூட்டி வருவது என்று ஊர்க்காரர்களும் பங்கெடுத்தார்கள். அதைப் பற்றி 1994இலேயே சர்வதேச ஆய்விதழில் கட்டுரை வந்தது. அது குடிக்காக நடந்தது, மாத்திரைக்கு மருத்துவ மேற்பார்வை இன்னும் அதிகம் வேண்டும். ஆனாலும் விட்டவனை ஊர் எப்படி வரவேற்கிறது என்பதுதான் அதன் உயிர். நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர், சுகர் மாத்திரையோடு வீடு வீடாக வரும் அக்காக்கள் இருக்கிறார்களே, எந்த வீட்டில் எந்தப் பையன் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அம்மாக்கள் அவர்களிடம்தான் அழுவார்கள். மூச்சு ஊதும் பயிற்சியை மன்றத்தில் நடத்தும்போது அவர்களையும் கூப்பிடுங்கள்.

கடைசியாக, மூன்று வாரத்தில் வரும் அந்தப் பையன். எனக்கு இப்போது கவலை அவன் ஒருவனைப் பற்றித்தான். வந்த முதல் ஒரு மாதம் அவனைத் தனி அறையில் படுக்க விடாதீர்கள். அப்பாவோ தம்பியோ பக்கத்தில் படுக்கட்டும். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டாலும் தப்பில்லை, கோபிப்பான், கோபிக்கட்டும். "இனிமே தொட்டா வீட்டுப் படி ஏறாதே" என்று அவன் அப்பா சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் தொடுகிற அன்று வீட்டுக்கு வர மாட்டான், தோப்புக்குப் போவான். அதற்குப் பதில் இதைச் சொல்லட்டும்: "பழைய அளவு இப்ப உன்னைக் கொன்னுடும். மனசு ஆடினா, எந்த நேரமா இருந்தாலும் என்னை எழுப்பு." கூட்டாளிகளிடமும் இதே விஷயத்தை மன்றம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வந்த அன்றைக்குப் பாசத்தோடு மாத்திரையை நீட்டப்போவது அவர்கள்தான். கோவில் திருவிழா அந்த நாட்களில் வந்தால் கூடவே ஒருவர் இருங்கள். இரவில் பேச யாரும் கிடைக்கவில்லை என்றால் 14446, போதை மீட்புக்கான இலவச எண். மனசு பாரத்துக்கு 14416.

அவனை அழைத்து வரும் நாளில் அவன் அம்மாவோடு உங்களில் ஒருவர் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் தொடர் மருந்து எழுதியிருக்கிறார்களா என்று அங்கேயே பாருங்கள். எழுதவில்லை என்றால் நேராக வீட்டுக்கு வராமல், கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டிவிட்டு வாருங்கள். வெளிநோயாளிச் சீட்டு காலையில்தான் போடுவார்கள், அதனால் விடியற்காலை பஸ்ஸுக்கே கிளம்பிவிடுங்கள்.